நாற்பத்தொன்றாம் வரி

புதிய மடிக்கணினி. பழைய விளையாட்டு.
லியபாயாவில் இரவு ஒன்பது மணி.
துறைமுகத்தில் தானிய லாரிகளை எடைபோட்டுத் திரும்பிய கையில்
இன்னும் கோதுமைத் தூசி.
பத்து மணிக்குக் கப்பல்கள் கிளம்ப வேண்டும்.

பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன்.
மென்பொருள் உதட்டைப் பிதுக்குகிறது:
நிறுவப்பட்ட தொகுதிகள் ஐந்து. கிடைத்தவை சுழியம்.
அது இன்னமும் தேடிக்கொண்டிருப்பது
குன்வால்திஸ் பெயரிட்ட கோப்புறையை.
அவன் போய்ப் பதினான்கு மாதம்.
திரைச்சீலைகளைக் கொண்டுபோனான்,
காபி அரைப்பானை விட்டுப்போனான்,
அமைவுக் கோப்பில் இந்த முகவரியையும்.

அவன் பெயரை அழித்து என் பெயரை அடித்தேன்.
ஸ்கைத்ரா. சாய்கோடு. விளையாட்டுகள்.
சாய்கோட்டை எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டு
இருபது நிமிடம் கணினியைத் திட்டினேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்விழித்தன:
வரைபடம், காற்று, சந்தை, கடற்கொள்ளையர், பகடை.
வரிசை முக்கியம்.
காற்றுக்கு முன்னால் வரைபடம் ஏறாவிட்டால்
கப்பல்கள் ரீகாவின் தெருக்களில் மிதக்கும்.
ஒருமுறை மிதந்தன. ஜானெத் ஒரு தேவாலயக் கூரையில்
நங்கூரம் போட்டுவிட்டு
வரி கட்ட மாட்டேன் என்றாள்.

பகடைத் தொகுதியைத் திறந்தது
ஒலியைக் குறைக்கத்தான்.
மரத்தில் எலும்பு உருளும் அந்தச் சத்தம்
கீழ்வீட்டுக்காரர் வரை போகிறதாம்.
நாற்பதாம் வரி: ஒலி அளவு.
நாற்பத்தொன்றாம் வரி:
ஸ்கைத்ராவுக்குத் தொடர்ந்து மூன்று முறை குறைவாக விழுந்தால்
நான்காவது, ஐந்துக்குக் கீழே இறங்காது.

பக்கத்திலேயே தேதி.
ஆறு வருடத்துக்கு முந்தைய மார்ச்.
தோற்றுத் தோற்று, இனி ஆடமாட்டேன் என்று
ஹெட்போனைக் கழற்றி எறிந்தேனே, அந்த வாரம்.

கைராசிக்காரி என்றார்கள் என்னை.
நானும் நம்பி
லாட்டரிச் சீட்டுகூட வாங்கினேன்.
கோட்லாந்துப் புயலில் நான்கு கப்பலும் கரைசேர்ந்த இரவை
விருந்துகளில் சொல்லியிருக்கிறேன்,
கையை நீட்டி, இதோ இந்தக் கை என்று.

அழித்தேன். சேமித்தேன்.
பத்து மணிக்கு இணைந்தேன்.

சிவப்பு.
உங்கள் பகடைத் தொகுதி
மற்ற மூவருடையதோடு பொருந்தவில்லை.

மற்ற மூவர்.
அப்படியானால்
யெல்கவாவில் ஜானெத்திடமும் அந்த வரி இருக்கிறது.
அயர்லாந்தில் காளான் பண்ணையிலிருந்து
இப்போதுதான் திரும்பியிருக்கும் இமான்ட்ஸிடமும் இருக்கிறது.
படித்தார்களா, படிக்காமலே வைத்திருந்தார்களா?
அமைவுக் கோப்பை யார் படிக்கிறார்கள்?
நானே படிக்கவில்லை.
ஆனால் நான் ஜெயித்தபோதெல்லாம்
ஒலிவாங்கியில் ஒரு நொடி மௌனம் இருக்கும்.
அதைப் பொறாமைக் கணக்கில் எழுதிவைத்திருந்தேன்.

இரண்டு பொத்தான்கள் காட்டியது மென்பொருள்:
மற்றவர்களுடையதைப் பெறு.
வெளியேறு.
இரண்டையும் விட்டுவிட்டு அரட்டைப் பெட்டியில் அடித்தேன்:
நாற்பத்தொன்றாம் வரியை அழியுங்கள். மூவரும்.

அதில் என்ன இருக்கிறது என்று
ஒருவரும் கேட்கவில்லை.

ஜானெத்தின் புள்ளி பச்சையானது.
இமான்ட்ஸ் ஏதோ அடிக்கத் தொடங்கி, நிறுத்தி,
மறுபடி தொடங்கி, நிறுத்தி,
பச்சையானான்.
வென்ட்ஸ்பில்ஸில், எங்கள் திரைச்சீலைகளுக்குப் பின்னால்,
குன்வால்திஸ் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டான்.
ஒரு வரிக்கு நான்கு நிமிடம்.
பச்சை.

காற்று வடமேற்கு. என் முறை.
இரண்டு.
மறுபடி, ஒன்று.
மூன்றாவதும் இரண்டு.
கடற்கொள்ளையர் என் கோதுமையை
மூட்டை மூட்டையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
யாரும் மூச்சுவிடவில்லை.

நான்காவதை உருட்டுமுன்
நாற்பதாம் வரிக்குப் போய்
ஒலியை முழுதாகக் கூட்டினேன்.
கீழ்வீட்டுக்காரரும் கேட்கட்டும்.